பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்

டூல்புஷர் சார் அவர்களுக்கு,

ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து உன் அப்பா எழுதுவது. சார் என்று கூப்பிட்டதில் உனக்கு உள்ளம் குளிர்ந்திருக்கும். நடுக்கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டுகிற ஒரு ரிக் முழுக்க உன்னை அப்படித்தான் கூப்பிடுகிறது, துளை போடுகிற டிரில்லர்கள் எல்லாரும் மேலதிகாரி என்று எழுந்து நிற்கிறார்கள் என்று போன வாரம் நீயே நாலு முறை சொன்னாய். வியாழக்கிழமை மறுபடி ஹெலிகாப்டர் ஏறப்போகிறாய். ஏறுவதற்கு முன்னால் நீ இதைப் படிக்கவேண்டும். நேரில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் மேடவாக்கத்திலிருந்து நீ இங்கே வந்தால் சோபாவில் சாய்ந்து செல்போனைத்தான் பார்க்கிறாய். நான் பேசினால் "ம், ம்" என்கிறாய். அந்த "ம்" எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், அது என்னுடையது. இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் அனுப்பவில்லை, நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போடுகிறேன். ஏனென்றால் அன்றைக்குச் சிரித்தவர்கள் அத்தனை பேரும் அதில்தான் இருக்கிறார்கள்.

எந்தச் சிரிப்பு என்று கேட்பாய். உன் அத்தை மகள் ரிசப்ஷனில், சேலையூர் மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில், நீ நடத்தின நாடகத்தைச் சொல்கிறேன். உன் ரிக்கில் தினேஷ் என்று ஒரு டிரில்லர். கிணற்றுக்குள் ஓட்டுகிற சேற்றை யாரோ ஒரு தொட்டியிலிருந்து இன்னொரு தொட்டிக்குத் திருப்பிவிட்டு அவனிடம் சொல்லாமல் போய்விட்டார்கள். சேற்றின் அளவு ஏறுகிறதே என்று பார்த்தான், கிணற்றுக்குள் வாயு புகுந்துவிட்டது என்று நினைத்தான், உன்னைக் கேட்காமல் கிணற்றை மூடிவிட்டான். ஒன்றுமில்லை என்று தெரிய இரண்டு மணி நேரம் ஆயிற்று. அந்த நேரம் பார்த்து எண்ணெய்க் கம்பெனியின் ஆள் அங்கே நின்றானாம், "என்ன ஆச்சு" என்று கேட்டானாம், உனக்கு மானம் போயிற்றாம். இதை நீ எப்படிச் சொன்னாய்? கண்ணை உருட்டி, கையை நடுங்க வைத்து, அவன் லீவரைப் பிடித்துத் தொங்கியது போல நடித்துக் காட்டினாய். "பாத்ரூம்ல தண்ணி சொட்டினாலே மூடிடுவான் போலிருக்கு" என்றாய். மேஜையே அதிர்ந்தது. நானும் சிரித்தேன், கையில் ஐஸ்கிரீம் கிண்ணத்தை வைத்துக்கொண்டு நன்றாகவே சிரித்தேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் யாரைப் பார்த்துச் சிரித்தேன் என்று எனக்கு உறைத்தது.

மறுநாள் நீ ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினாய். தினேஷுக்குக் கொடுக்கப்போகும் எச்சரிக்கைக் கடிதம். அனுமதியின்றிக் கிணற்றை மூடிய குற்றம். இனிமேல் டூல்புஷரைக் கேட்காமல் எந்த டிரில்லரும் மூடக்கூடாது என்று கீழே ஒரு உத்தரவு வேறு. "அப்பா, உங்க இங்கிலீஷ் நல்லா இருக்கும், ஒரு தடவை பாத்துக் குடுங்க, போனதும் சைன் பண்ணிடறேன்" என்றாய். இத்தனை வருஷத்தில் நீ என்னிடம் ஆசையாகக் கேட்ட உதவி அது ஒன்றுதான். என்னைப் பற்றி நீ சரியாகத்தான் கணித்திருக்கிறாய். அந்த மாதிரிக் காகிதம் எழுதுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

குழுவில் இருக்கும் அத்தைகளுக்காக விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பூமிக்கு அடியில் வாயு அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடக்கிறது. நாம் துளை போடும்போது துளை முழுக்க நிற்கிற சேற்றின் எடைதான் அதை அமுக்கி வைத்திருக்கிறது. அந்த எடை போதாமல் போனால் வாயு கிணற்றுக்குள் புகுந்துவிடும். அதற்கு எங்கள் தொழிலில் கிக் என்று பெயர். கிக் வந்தால் மேலே சேறு வழியும், தொட்டியில் அளவு ஏறும். கிணற்றின் வாயில் பி.ஓ.பி. என்று ஒரு பெரிய இரும்பு அடைப்பான் நிற்கிறது. லீவரைத் தள்ளினால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் குழாயை இறுக்கிப் பிடித்து வாயை அடைத்துவிடும். லீவர் டிரில்லரின் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. மூடியதற்கு அப்புறம் உட்கார்ந்து அழுத்தம் பார்க்கலாம், கணக்குப் போடலாம், வாயுவைப் பக்கத்துக் குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடலாம், கனமான சேறு ஏற்றிக் கிணற்றை அடக்கலாம். எல்லா வித்தையும் மூடிய பிறகுதான். மூடாமல் விட்டால் அந்த வாயு மேலே ஏற ஏற விரியும், விரிய விரியச் சேற்றை வெளியே தள்ளும், சேறு குறையக் குறைய இன்னும் வாயு புகும். அடுப்பில் பால் பொங்குகிறது, மருமகள் கூடத்துக்கு ஓடிப்போய் "அத்தை, அடுப்பை அணைக்கட்டுமா" என்று கேட்டுக்கொண்டு நின்றால் அவளை என்னவென்று சொல்வோம்? அப்படித்தான் கேட்கவேண்டும் என்று உத்தரவு போடுகிற மாமியாரை என்னவென்று சொல்வோம்? அந்த மாமியார் நீதான். மண்டபத்தில் எல்லாரும் சிரித்தது அடுப்பை நேரத்துக்கு அணைத்த மருமகளைப் பார்த்து.

உன் ரிக்கிலும் சுவரில் ஒட்டியிருக்கும், சந்தேகம் வந்தால் டிரில்லர் யாரையும் கேட்காமல் மூடலாம் என்று. உலகம் முழுக்க அதுதான் சட்டம். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பரீட்சை எழுதும்போது நீயும் அந்தக் கேள்விக்குச் சரியான விடையில்தான் டிக் அடிக்கிறாய். வெளியே வந்ததும் கொம்பு முளைத்துவிடுகிறது. சுவரில் இருப்பது ஆடிட் வருகிறவனுக்கு, என் வாயிலிருந்து வருவதுதான் ஆட்களுக்கு என்று நினைக்கிற இந்தப் புத்தியை நீ எந்தப் பரீட்சையிலும் படிக்கவில்லை, நம் வீட்டில்தான் படித்தாய்.

மோட்டார் ஞாபகம் இருக்கிறதா? ஒரு தடவை உன் அம்மா தண்ணீர் இல்லாமல் மோட்டாரை ஓட்டி அது எரிந்துபோயிற்று. அன்றிலிருந்து ஸ்டார்ட்டரில் யாரும் கை வைக்கக்கூடாது, போடுவதும் நான், நிறுத்துவதும் நான் என்று சொல்லிவைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தேன். மாடித் தொட்டி நிரம்பி வழிந்து, பக்கத்து வீட்டுக்காரர் காயப்போட்ட வடகமெல்லாம் மிதந்தது. உனக்குப் பத்து வயது. ஸ்டார்ட்டருக்கு நேர் கீழே நின்றுகொண்டு, தலையில் தண்ணீர் கொட்டக் கொட்ட, "அப்பா, ஆஃப் பண்ணட்டுமாப்பா" என்று கத்திக்கொண்டே இருந்தாய். அம்மா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு "அவரே வரட்டும்டா" என்றாள். நான் கன்னத்தில் நுரையோடு வந்து நிறுத்தினேன். உன் தலையைத் துவட்டிவிட்டு, "நல்ல பிள்ளை, கேக்காம தொடல பாரு" என்று எல்லார் எதிரிலும் மெச்சிக்கொண்டேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்! அடுத்த வீட்டு வடகம் போனது போகட்டும், ஒரு பையன் அன்றைக்குக் கெட்டுப்போனான்.

இப்போது ஜாபரைப் பற்றிச் சொல்கிறேன். அந்தப் பெயரை இந்த வீட்டில் நான் உச்சரித்ததே இல்லை. ஷோகேஸில் பித்தளை ஷீல்டு ஒன்று நிற்கிறதே, நீ சின்ன வயதில் சிநேகிதர்களைக் கூட்டிவந்து "எங்கப்பா கிணத்தை அடக்கினார்" என்று காட்டுவாயே, அதைப் பார்த்துத்தானே இந்தத் தொழிலுக்கே போனாய், அந்த ஷீல்டின் கதைதான் இது.

நான் தரையில் நிற்கும் ரிக் ஒன்றில் டூல்புஷர். ஜாபர் என் டிரில்லர், பீர்க்கன்கரணைக்காரன். என்னைவிட இரண்டு வயது சின்னவன், வேலையில் என்னைவிடப் பத்து மடங்கு பெரியவன். ஒரு மாதம் முன்னால் அவனும் தினேஷ் மாதிரியே சந்தேகப்பட்டு ஒரு தடவை மூடினான், ஒன்றுமில்லை என்று ஆயிற்று. மெஸ்ஸில் எல்லார் எதிரிலும் அவனுக்கு "மூடி ஜாபர்" என்று பெயர் வைத்தேன். நீ செய்ததைத்தான் செய்தேன், உன்னைவிட நன்றாகவே நடித்தேன். அதோடு, இனிமேல் என்னைக் கேட்டுவிட்டு மூடு என்று வாயால் உத்தரவு போட்டேன். காகிதத்தில் எழுதவில்லை. அந்த அளவுக்கு எனக்கு விவரம் உண்டு.

பங்க் ஹவுஸ் என்று எங்களுக்கு ஏ.சி. வைத்த இரும்பு அறை கொடுத்திருப்பார்கள். என் அறைக்குப் புதிதாகத் தரைவிரிப்பு போட்டிருந்தேன். சேற்றுக் காலோடு வந்து பாழாக்குகிறார்கள் என்று கதவில் ஒரு பலகை மாட்டினேன், "பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்" என்று. ஒரு மதியம், இரண்டு மணி இருக்கும், நான் உள்ளே வஞ்சிரம் வறுவலோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சாப்பிடும்போது தொந்தரவு கூடாது என்று இன்டர்காம் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்திருந்தேன். ரிக்கின் மேல்தளத்தில் ஜாபர் தொட்டியில் அளவு ஏறுவதைப் பார்த்திருக்கிறான். பம்பை நிறுத்தியிருக்கிறான், நிறுத்திய பிறகும் சேறு வழிந்திருக்கிறது. லீவர் பக்கத்தில் இருக்கிறது. இன்டர்காமில் கூப்பிட்டான், லைன் கிடைக்கவில்லை. படி இறங்கி என்னிடம் ஓடிவந்தான்.

என் கதவில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. அதன் வழியாகப் பார்த்தேன். ஜாபர் படியில் உட்கார்ந்து பூட்ஸ் லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தான். ஒரு கால் வந்துவிட்டது. இன்னொன்றில் முடிச்சு சேற்றில் இறுகிக் கிடந்தது, நகத்தால் நோண்டினான், பிறகு பல்லால் கடித்தான். கிணறு பொங்கிக்கொண்டிருக்கிறது, மேலே நாலு பேர் நிற்கிறார்கள், இவன் என் தரைவிரிப்புக்காக முடிச்சு அவிழ்க்கிறான். அதைப் பார்த்து நான் என்ன நினைத்தேன் தெரியுமா? மரியாதை தெரிந்தவன் என்று நினைத்தேன். இன்னொரு துண்டு மீன் எடுத்து வைத்துக்கொண்டேன்.

சாக்ஸோடு உள்ளே வந்து நின்றான். "சார், கெணறு ஃப்ளோ ஆவுது சார். மூடட்டுமா?" என்றான். நான், "போன தடவை மாதிரியா?" என்றேன். அவன் வாயைத் திறப்பதற்குள் வெளியே ஒரு இரைச்சல் கேட்டது. ரிக்கில் வேலை பார்த்தவனுக்கு அந்தச் சத்தத்தை விளக்கவேண்டியதில்லை. "ஓடு" என்று கத்தினேன். ஓடினான், அதே சாக்ஸோடு. பூட்ஸ் மாட்ட நேரம் ஏது? நான் என்ன செய்தேன் என்றும் கேட்டுக்கொள். நான் என் பூட்ஸைப் போட்டு, இரண்டு லேஸையும் கட்டி, ஹெல்மெட்டை எடுத்து வைத்துக்கொண்டுதான் போனேன்.

அவன் மேல்தளத்துக்குப் போனபோது சேறு ஆள் உயரத்துக்குப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. குழாயைப் பிடித்து நிறுத்தும் இரும்பு ஆப்பு ஒன்றைச் சேறு தூக்கி எறிந்து, அது அவன் வலது பாதத்தில் விழுந்தது. இரும்பு முனை வைத்த பூட்ஸ் காலில் இருந்திருந்தால் நகம்கூடப் போயிருக்காது. அவன் ஒற்றைக் காலில் நின்று லீவரைத் தள்ளி, கிணறு மூடிவிட்டது என்று அழுத்தமானி சொல்லும் வரைக்கும் கையை எடுக்கவில்லை. பிறகுதான் சாய்ந்தான். அந்த நாலு பேரும் உயிரோடு வீட்டுக்குப் போனது அவனால். அப்புறம் இரண்டு நாள் கிணற்றை முறைப்படி அடக்கியது நான். எல்லாம் மூடிய பிறகு செய்கிற வேலை, புத்தகத்தில் இருப்பதைப் பார்த்துச் செய்தால் வந்துவிடும். ஷீல்டு எனக்குக் கொடுத்தார்கள். ஜாபருக்குப் பாதி பாதத்தை எடுத்தார்கள்.

விசாரணைக்கு ஆட்கள் வருவதற்குள் கதவிலிருந்த பலகையை நானே கழற்றிவிட்டேன். நாலு ஆணி, என் கையாலேயே. அறிக்கை நான்தான் எழுதினேன், நீ மெச்சுகிற அதே இங்கிலீஷில். டிரில்லர் கிணற்றை மூடத் தாமதித்தார். தன் இடத்தை விட்டுக் கீழே இறங்கினார். காயம்பட்ட நேரத்தில் பாதுகாப்புக் காலணி அணிந்திருக்கவில்லை. எல்லாம் உண்மை. ஒரு வரியைக்கூட யாரும் பொய் என்று காட்ட முடியாது. அந்தக் காகிதத்துக்குப் பிறகு ஜாபரை எந்த ரிக்கிலும் ஏற்றவில்லை.

உன் காகிதத்துக்கு வருகிறேன். நீ கேட்டபடி திருத்தித் தந்திருக்கிறேன். ஒரே ஒரு இடத்தில்தான் தப்பு இருந்தது, குற்றம் செய்தவன் பெயர். அதை அடித்துவிட்டு உன் பெயரை எழுதியிருக்கிறேன். கீழே இருந்த உத்தரவை அடித்துவிட்டு வேறு எழுதியிருக்கிறேன்: "நான் தூங்கினாலும் சாப்பிட்டாலும் என்னைக் கேட்காதே, மூடிவிட்டு வந்து சொல். தப்பாக மூடினாலும் உன்மேல் ஒரு சொல் வராது. தினேஷ் செய்தது சரி." ஷிஃப்ட் தொடங்கும் முன் எல்லாரையும் நிற்கவைத்து இதை வாயால் படி, தினேஷும் நிற்கட்டும். மண்டபத்தில் நடிக்க வந்த வாய்க்கு இதைப் படிக்கவும் வரும். மானம் போகும் என்பாய். போகட்டும். நீ அவனுக்கு அந்த எச்சரிக்கையைக் கொடுத்தால், அடுத்த தடவை அளவு ஏறும்போது அவன் தொட்டியைப் பார்க்கமாட்டான், உன்னைத் தேடுவான். அந்த நேரத்தில் நீ குளித்துக்கொண்டிருப்பாய், அல்லது உன் பெண்டாட்டியோடு வீடியோவில் குழந்தைக்கு முத்தம் கொடுத்துக்கொண்டிருப்பாய். அது கடலுக்கு நடுவில், ஓடுவதற்கு இடம் கிடையாது. எனக்குப் பயமாக இருக்கிறது. உன்னைப் பார்த்தால் எரிச்சலாகவும் இருக்கிறது, ஆனால் பயம்தான் அதிகம்.

இதை எழுத உட்கார்ந்தபோது உன் அம்மா வந்து எட்டிப் பார்த்தாள். "அவனைத் திட்டுறதுன்னா உங்களையும் சேத்துத் திட்டுங்க, பாதியில நிறுத்தாதீங்க" என்றாள். அதனால்தான் செவ்வாய்க்கிழமை கிளம்பிப் போனேன். தாம்பரத்தில் ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் பெருங்களத்தூர். ஒரே ஒரு ஸ்டேஷன். இத்தனை வருஷமாக அந்த ஒரு ஸ்டேஷனைத் தாண்ட எனக்குத் துப்பில்லை. இறங்கி, பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் விசாரித்துக்கொண்டு போனேன். மோட்டார் வைண்டிங் பண்ணுகிற ஜாபர் பாய் என்றால் எல்லாருக்கும் தெரிகிறது. முன்பக்கம் பட்டறை, பின்னால் வீடு.

வாசலில் நின்று செருப்பின் வாரை அவிழ்க்கக் குனிந்தேன். எனக்கு இப்போது முட்டி மடங்குவதில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு தடுமாறினேன். உள்ளேயிருந்து குரல் வந்தது. "கயட்டிக்கினு நிக்காதீங்க சார். லேட்டாய்டும்." தலையைத் தூக்கினால் ஜாபர், தாடி முழுக்க வெளுத்து, கையில் செம்புக் கம்பியோடு உட்கார்ந்திருந்தான். நான் செருப்போடு உள்ளே போனேன். அவன் எழுந்திருக்கவில்லை. அதுதான் சரி.

பலகையை நான்தான் கழற்றினேன் என்று சொன்னேன். "தெரியும் சார். ஆணி ஓட்டை நாலும் அப்டியே இருந்துச்சாமே, பசங்க வந்து சொன்னானுங்க" என்றான். அறிக்கை என்று ஆரம்பித்தேன். "அதுல இன்னா சார் கீது? ஒண்ணும் பொய் இல்லியே. பொய்யி இருந்திருந்தா நானும் எதுனா சண்ட போட்டிருப்பேன்" என்றான். மன்னிப்புக் கேட்டேன். கம்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தான். அவன் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். நான் யார் என்று அவரிடம் ஜாபர் சொல்லவில்லை.

கிளம்பும்போது "பையன் இன்னா பண்றாரு?" என்று கேட்டான். "ரிக்லதான். டூல்புஷர்" என்றேன். முதல் தடவையாகக் கையிலிருந்த வேலையை நிறுத்தினான். என்னைப் பார்க்கவில்லை, வாசலில் என் காலைப் பார்த்தான்.

"அவரு ரூமுக்கு பூட்ஸோட போலாமா சார்?" என்றான்.

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றுதான் சொல்லிவிட்டு வந்தேன். நீ வியாழக்கிழமை போய் இறங்கியதும் உன் கதவைப் பார்த்துவிட்டு எனக்கு எழுது. அவனுக்குப் பதில் சொல்லவேண்டும்.

உன் அப்பா